சார்ட்டர் பள்ளி போர்டில் சேரப் போகிறீர்களா? முதலில் கணவரின் கம்பெனியைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிக்கிறோம். என் மகள் படிக்கும் சார்ட்டர் பள்ளியின் போர்டில் உறுப்பினராக வரும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர். எல்லோரும் பெற்றோர், நல்ல மனிதர்கள். பதவியேற்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பாதி முடிவு அங்கேயே நடக்கிறது. என் கணவர் சின்னதாக ஒரு ஐ.டி. கம்பெனி நடத்துகிறார். பள்ளியின் நெட்வொர்க், லேப்டாப் பராமரிப்பு எல்லாவற்றையும் அடக்க விலைக்கே செய்து தருகிறேன் என்கிறார். அப்புறம் இன்னொன்று: ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 30 மணி நேரம் பள்ளிக்காக வேலை செய்ய வேண்டும், முடியாதவர்கள் மணிக்கு 15 டாலர் கட்ட வேண்டும் என்று பள்ளிக் கையேட்டில் போட்டிருக்கிறது. இது சரியா என்று ஒரு அம்மா கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. கோடையில் இரண்டு மாதம் சென்னையில் இருப்பேன். ஜூமில் கூட்டத்துக்கு வந்தால் போதும் என்கிறார்கள். நான் சேரலாமா? சட்டச் சிக்கல் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சேரலாம். ஆனால் பதவியேற்பதற்கு முன்பே இரண்டு விஷயங்களைத் தீர்த்துவிட்டுச் சேருங்கள். ஒன்று கணவரின் கம்பெனி. இன்னொன்று அந்த வாட்ஸ்அப் குழு.

கலிபோர்னியாவில் சார்ட்டர் பள்ளிகளின் போர்டுகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என் தொழில். சிக்கலில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அல்ல. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, பள்ளியின் வரவு செலவைப் பார்க்க உட்காருகிறவர்கள். அவர்கள் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளியைத் தமிழ்ச் சங்கம் போல நடத்துகிறார்கள். சங்கத்தில் யாரிடம் கம்பெனி இருக்கிறதோ அவர் பொறுப்பெடுத்துக்கொள்கிறார். குழுவில் ஒரு செய்தி போட்டால் நாலு பேர் சரி என்கிறார்கள், வேலை நடக்கிறது. சங்கத்துக்கு அது பொருந்தும். சார்ட்டர் பள்ளிக்குப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே செலவாவது அரசுப் பணம்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியில் நடக்கும், கட்டணமே இல்லாத பொதுப் பள்ளி. ஆனால் அதை நடத்துவது தனி போர்டு, பெரும்பாலும் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. என்ன கற்றுத் தருவோம், எப்படி நிர்வகிப்போம் என்று எழுதிக் கொடுத்து, கல்வி மாவட்டத்திடம் (அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) அனுமதி வாங்குகிறார்கள். அந்த ஆவணம்தான் சார்ட்டர். 1991-ல் மின்னசோட்டா மாநிலம் முதலில் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே கலிபோர்னியா கொண்டுவந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். கீழே நான் சொல்வதெல்லாம் கலிபோர்னியாவுக்கு.

இங்கே ரொம்ப நாளாக ஒரு வாதம் இருந்தது. நாங்கள் தனியார் லாபநோக்கற்ற அமைப்புதானே, அரசு அமைப்புகளுக்கான சட்டம் எங்களுக்கு ஏன் என்று சில சார்ட்டர் பள்ளிகள் கேட்டன. 2019-ல் கொண்டுவந்த எஸ்.பி. 126 என்ற சட்டம் அந்த வாதத்தை முடித்துவைத்தது. 2020 ஜனவரி 1 முதல் நான்கு சட்டங்கள் சார்ட்டர் போர்டுக்கும் பொருந்தும்: கூட்டங்களைப் பொதுமக்கள் முன் நடத்தச் சொல்லும் பிரவுன் சட்டம், பொது ஆவணச் சட்டம், சொத்து விவரம் கேட்கும் அரசியல் சீர்திருத்தச் சட்டம், அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 1090-வது பிரிவு. நகர மன்ற உறுப்பினருக்கு உள்ள கட்டுப்பாடு இப்போது உங்களுக்கும் உண்டு. சம்பளம் கிடையாது, ஆனால் பொறுப்பு அதே பொறுப்பு.

இந்த நான்கில் 1090-ஐத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும். போர்டு உறுப்பினருக்குப் பண ஆதாயம் உள்ள எந்த ஒப்பந்தத்தையும் அந்த போர்டு செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கலிபோர்னியாவில் திருமணத்துக்குப் பின் கணவர் சம்பாதிப்பது சட்டப்படி உங்கள் சம்பாத்தியமும்தான். ஆகவே அவருடைய கம்பெனிக்குக் கிடைக்கும் ஆர்டர் உங்களுக்குக் கிடைக்கும் ஆர்டராகவே கணக்கில் வரும்.

இங்கே எல்லோரும் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓட்டுப் போடும்போது நான் எழுந்து வெளியே போய்விட்டால்? போதாது. வேறு பல சட்டங்களில் ஒதுங்கிக்கொள்வது ஒரு வழி. 1090-ல் அப்படி இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்கு ஆதாயம் இருந்தால், மீதி நாலு பேரும் சேர்ந்து அந்த ஒப்பந்தத்தைச் செய்ய முடியாது. போர்டு முழுவதுமே தடைபட்டு நிற்கும்.

அடக்க விலை என்பதும் உதவாது. அடக்க விலையில்தான் அவருடைய ஊழியர் சம்பளமும் ஆபீஸ் வாடகையும் அடங்கியிருக்கிறது. சந்தையிலேயே இதுதான் குறைந்த விலை என்று நீங்கள் நிரூபித்தாலும் பயனில்லை. பள்ளிக்கு நஷ்டம் வந்ததா என்பதை இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆதாயம் இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி.

சரி, நடுவில் இன்னொரு கம்பெனியை வைத்து, அதற்குக் கீழே கணவர் வேலை செய்தால்? இதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். வளைகுடாப் பகுதியில் உள்ள ஆல்பனி நகரத்தின் மன்ற உறுப்பினர் ஒருவர் தன் நிலத்தை நேரடியாக விற்காமல் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனம் நிலத்தை நகரத்துக்குப் பூங்காவுக்காகக் கொடுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-ல் தீர்ப்பு வந்தது. நிலம் நகரத்துக்கே, வாங்கிய பணத்தையும் வட்டியோடு நகரத்துக்கே கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் போயிற்று. உங்கள் விஷயத்தில் இதன் பொருள்: கணவர் ஒரு வருஷம் வேலை செய்து முடித்த பிறகு யாராவது வழக்குப் போட்டால், செய்த வேலை பள்ளிக்கு, வாங்கிய பணமும் பள்ளிக்கு.

முதலில் ஒப்பந்தத்தைப் பேசி முடித்துவிட்டு, கையெழுத்துக்கு முன்பு ராஜினாமா செய்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. டாஃப்ட் என்ற சின்ன ஊரில் 1960-களின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. நகர மன்ற உறுப்பினர் ஒருவருக்குக் குழாய் வேலை கம்பெனி இருந்தது. நகரக் கட்டடத்துக்கான திட்டங்களை அலசும் இடத்தில் இருந்தார், டெண்டர் முடிவாகும் முன் விலகினார். திட்டமிட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்களே என்று நீதிமன்றம் ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. அதனால் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் வைஃபை பற்றிப் பேச்சு வந்தால், இப்போதைக்கு அதில் ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

தெரிந்தே மீறினால் இது குற்றவியல் வழக்காகவும் மாறும். சிறைத் தண்டனை வரை போகலாம். அதோடு மாநிலத்தில் எந்தப் பொதுப் பதவியையும் ஆயுள் முழுக்க வகிக்க முடியாது.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணவர் கம்பெனி பள்ளிக்கு வேலை செய்ய வேண்டும் என்றால் நீங்கள் போர்டுக்குப் போக வேண்டாம். நீங்கள் போர்டுக்குப் போவதானால், அவர் பைசா வாங்காமல் தன்னார்வலராகச் செய்யலாம். ஆனால் அது உண்மையிலேயே இலவசமாக இருக்க வேண்டும். முதல் வருஷம் இலவசம், அடுத்த வருஷம் சந்தா என்பது இலவசம் அல்ல. எந்தப் பொருளை வாங்கலாம் என்று அவர் சிபாரிசு செய்து, அந்தப் பொருளில் அவருக்குக் கமிஷன் வந்தால் அதுவும் இலவசம் அல்ல. (அவர் பெரிய நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்திருந்தால் கதை வேறு. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. சொந்தக் கம்பெனிக்கு அவை ஒத்துவராது.)

இதைப் படித்துவிட்டு, ஒரு சின்ன ஐ.டி. வேலைக்கா இத்தனை என்று தோன்றலாம். ஏ3 என்ற பெயரில் இயங்கிய ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளின் கதையைப் பாருங்கள். விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளின் விவரங்களை வாங்கி மாணவர் என்று பதிந்து, அரசிடம் வந்த பணத்தைத் தங்கள் சொந்தக் கம்பெனிகள் வழியாக எடுத்தார்கள் என்று 2019-ல் சான் டியேகோ கவுண்டியில் 11 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. முக்கியமான இருவர் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க உருவான வலைதான் 1090. நல்லெண்ணத்தில் வருகிறவர்களுக்காக அதில் தனி ஓட்டை கிடையாது.

இனி வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் பெரும்பான்மை. மூன்று பேர் பள்ளி விஷயத்தை முன்னறிவிப்பு இல்லாமல் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்பதும் இல்லை. காலையில் நீங்கள் ஒருவரிடம் போனில் பேசி, மத்தியானம் அவர் இன்னொருவரிடம் அதையே பேசினால் மூன்று பேர் ஆயிற்று. முதல்வர் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியே கூப்பிட்டு விளக்கம் தரலாம், அதில் தப்பில்லை. ஆனால் அவரும் சரி என்றார், இவரும் சரி என்றார் என்று ஒருவர் கருத்தை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் குழுவில் நடப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் எழுதுகிறார்: "ஏழாம் வகுப்புக்கு இன்னொரு டீச்சர் வேண்டும், என்ன சொல்கிறீர்கள்?" இரண்டு கட்டைவிரல் குறி விழுகிறது, ஒருவர் ஓகே என்று எழுதுகிறார். அடுத்த வாரக் கூட்டத்தில் அது பேச்சே இல்லாமல் நிறைவேறுகிறது. அந்தக் கட்டைவிரல்கள்தான் உண்மையான ஓட்டெடுப்பு. பெற்றோர் யாரும் பார்க்காத இடத்தில் அது நடந்திருக்கிறது. பொது சமூக ஊடகத்தில் விதி இன்னும் கடுமை. ஒரு உறுப்பினர் பள்ளி விஷயத்தை ஃபேஸ்புக்கில் எழுத, இன்னொரு உறுப்பினர் அதற்கு ஒரு லைக் போட்டால் அதுவே மீறல். பெரும்பான்மை எண்ணிக்கைகூடத் தேவையில்லை. 2020-ல் வந்த ஏ.பி. 992 சட்டம், உணர்ச்சிக் குறிகளையும் கருத்துப் பரிமாற்றம் என்றே எடுத்துக்கொள்கிறது.

பொங்கல் விழாவில் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாமா? தாராளமாக. பள்ளி விஷயத்தைப் பேசாமல் இருந்தால் போதும்.

குழுவை என்ன செய்வது? எழுதுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் எதையும் அழிக்காதீர்கள். சொந்த போனில், சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது வேலை பற்றிய செய்தி பொது ஆவணம்தான் என்று சான் ஹோசே நகர வழக்கில் 2017-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பெற்றோரோ நிருபரோ எழுதிக் கேட்டால், தருவோமா இல்லையா என்று பத்து நாளுக்குள் பள்ளி பதில் சொல்ல வேண்டும். அப்போது குழு காலியாக இருந்தால், பேசியதைவிட அழித்தது பெரிய பிரச்சினையாகும். இனிமேல் பள்ளி ஆபீஸிலிருந்து ஒருவழித் தகவல் மட்டும் வரட்டும்: கூட்டம் எப்போது, ஆவணங்கள் எங்கே. பள்ளி வேலைக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போர்டு விஷயத்தைச் சொந்த போனிலிருந்து விலக்கி வைத்தால், உங்கள் குடும்பப் புகைப்படங்களுக்கு நடுவே யாரும் தேட வேண்டிய நிலை வராது.

கூட்ட அறிவிப்பு பற்றிக் கொஞ்சம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு, சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு அஜெண்டா ஒட்டப்பட வேண்டும். பள்ளி இணையதளத்திலும் இருக்க வேண்டும். எந்நேரமும் மக்கள் படிக்கக்கூடிய இடத்தில் என்பது முக்கியம். ஆபீஸ் உள்ளே பலகையில் மாட்டி, வெள்ளி மாலை கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், திங்கள் கூட்டத்துக்கு அறிவிப்பே இல்லை என்று அர்த்தம். கண்ணாடிக் கதவில் வெளியே பார்த்தபடி ஒட்டச் சொல்லுங்கள், தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. "இதர விஷயங்கள்" என்ற வரி எதையும் காப்பாற்றாது. முதல்வரின் சம்பளத்தை மூடிய அறையில் முடிவு செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில்: அந்தக் கையேட்டு விதி செல்லாது. பெற்றோர் உழைப்பை அட்மிஷனுக்கோ, பிள்ளை தொடர்ந்து படிப்பதற்கோ நிபந்தனையாக வைக்க முடியாது. அது நிபந்தனை இல்லை என்று பெற்றோருக்கு அறிவிப்பது பள்ளியின் கடமையும்கூட. மணிக்கு 15 டாலர் என்பது மறைமுகக் கட்டணம். பொதுப் பள்ளியில் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கலிபோர்னியாவின் அரசியலமைப்பிலிருந்து வருவது. 1984-ல் ஹார்ட்செல் வழக்கில், பாடத்துக்கு வெளியே உள்ள இசை, விளையாட்டுக்குக்கூட வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. கஷ்டப்படுகிறவர்களுக்கு விலக்கு தருகிறோமே என்பதும் பதில் ஆகாது. பெயரைச் சொல்லாமலே பெற்றோர் புகார் கொடுக்கலாம். புகார் சரி என்று தெரிந்தால் வாங்கிய பணத்தை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். முதல் கூட்டத்திலேயே இதை அஜெண்டாவில் வைக்கச் சொல்லுங்கள். நன்கொடை கேட்கலாம், உதவிக்கு அழைக்கலாம், தவறே இல்லை. கட்டாயம் என்ற சாயல்கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்ட அந்த அம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லுங்கள். இப்படிக் கேட்கிறவர்கள் பள்ளிக்கு நல்லது செய்கிறவர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பள்ளிகளுக்கு அதிகச் செலவும், பிள்ளைகளுக்கு அதிகக் காயமும் வருவது இங்கேதான்: சிறப்புக் கல்வி.

ஒரு தாய் போன் செய்கிறார். பையனுக்கு ஆட்டிசம், இப்போது படிக்கும் பள்ளியில் உதவியாளர் இருக்கிறார், உங்கள் பள்ளியில் சேர்க்க ஆசை என்கிறார். ஆபீஸில் இருப்பவர் அன்பாகவே பதில் சொல்கிறார்: "எங்களிடம் அந்த வசதி இல்லையேம்மா, மாவட்டப் பள்ளியில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்." பொய் இல்லை, கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஊனத்தைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. மாநிலச் சட்டம், பிள்ளை சேருவதை எந்தக் காரணத்துக்காகவும் ஊக்கம் குலைக்கக் கூடாது என்கிறது. சேர்வதற்கு முன் மதிப்பெண், பழைய பள்ளிப் பதிவு எதையும் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறது. வசதி இல்லை என்றால் வசதியை ஏற்படுத்தித் தர வேண்டியது பள்ளியின் வேலை. அதற்காகத்தான் ஒவ்வொரு பள்ளியும் மாவட்டத்தின் பகுதியாகவோ, சிறப்புக் கல்விக்கென உள்ள கூட்டமைப்பில் தனி உறுப்பினராகவோ இருக்கிறது. உங்கள் பள்ளி இதில் எது என்று கேளுங்கள். போர்டில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது என்றால் அதுவே உங்கள் முதல் வேலை.

படிக்கும் பிள்ளைக்கு வருவோம். என் மகனுக்கு எழுத்து வரவில்லை, சோதித்துப் பாருங்கள் என்று ஒரு அப்பா வாசலில் டீச்சரிடம் வாய்மொழியாகச் சொன்னால்கூட, அதை எழுத்தில் கொண்டுவர அவருக்கு உதவ வேண்டியது பள்ளிதான். கோரிக்கை வந்து 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் அவர் கைக்குப் போக வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் சோதனைகளை முடித்து, ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டத்துக்கான கூட்டம் நடக்க வேண்டும். நீண்ட விடுமுறை நாள்கள் மட்டும் கணக்கில் வராது. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று நல்லெண்ணத்தில் சொல்லும் ஆசிரியர்கள்தான் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஆறு மாதம் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சின்னக் காலம் இல்லை.

பிள்ளையை வெளியே அனுப்பும் விஷயமும் இதோடு சேர்ந்தது. "இந்தப் பள்ளி உங்கள் பையனுக்குப் பொருத்தமாக இல்லை" என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, அவர்களாகவே டி.சி. வாங்கிப் போகும்படி செய்வது நம் ஊரில் பார்த்த வழக்கம். இங்கே அது நடக்காது. எந்தக் காரணத்துக்காகப் பெயரை நீக்குவதானாலும் குறைந்தது ஐந்து பள்ளி நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அது பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விசாரணை கேட்கும் உரிமையையும் அதில் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பாட்டி தாத்தா வளர்க்கும் பிள்ளை என்றால் யோசித்துப் பாருங்கள், ஆங்கிலக் கடிதம் ஒன்று போதாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பொதுவில் குலுக்கல்தான். போர்டு உறுப்பினரின் நண்பர் என்பதற்கோ நன்கொடை கொடுத்தவர் என்பதற்கோ முன்னுரிமை கிடையாது. உடன்பிறந்தோர், ஊழியர் பிள்ளைகள் போன்ற முன்னுரிமைகள் சார்ட்டரில் எழுதி மாவட்டம் ஏற்றிருந்தால் மட்டும். ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவரவர் பாடத்துக்கான கிரெடென்ஷியல், அதாவது கற்பிப்பதற்கான அரசு உரிமம், வேண்டும். இசை, நடனம் போன்ற பாடங்களுக்கு இருந்த பழைய தளர்வு 2025 ஜூலை 1-ஓடு முடிந்தது. பிள்ளைகளோடு பழகும் வெளி ஆட்களுக்கும் கைரேகைச் சரிபார்ப்பு உண்டு. குழந்தைக்குக் கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் அதைப் பார்த்த ஊழியரே உடனே போனில் புகார் சொல்ல வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். முதல்வரிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது. பகுதி நேர ஆசிரியரை கான்ட்ராக்டர் என்று எழுதி வரியை மிச்சம் பிடிக்க யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பள்ளிக் கிரெடிட் கார்டு ரசீதுகளை முதல்வருக்குக் கீழே வேலை செய்பவர் சரிபார்க்கக் கூடாது, போர்டு பொருளாளர் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தின் தலைவருக்கு 30 மாதச் சிறை கிடைத்தது. பள்ளிப் பணத்தில் சொந்தச் செலவு செய்திருந்தார், பல ஆண்டுகள் அதைத் தடுக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

விஜயதசமிக்கு அட்சராப்பியாசம் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், நம் மக்கள் அதிகம் உள்ள பள்ளிகளில் இது வரும். பண்டிகையைப் பற்றிப் பாடமாகச் சொல்லித் தரலாம், கோலம் போடலாம், கொலுவின் கதையைச் சொல்லலாம். பூஜை செய்ய முடியாது. கலிபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி மதச்சார்பற்றதாக இருந்தே ஆக வேண்டும். ஓக்லஹோமாவில் கத்தோலிக்கச் சார்ட்டர் பள்ளி தொடங்க நடந்த முயற்சி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதம் 4-4 என்று ஓட்டு பிரிந்து, அதைத் தடுத்த மாநிலத் தீர்ப்பே நின்றது.

பதவியேற்கும் முன் பள்ளியிடம் சில காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: சார்ட்டர் முழுவதும், மாவட்டத்தோடு செய்த ஒப்பந்தம், கடைசி இரண்டு ஆடிட் அறிக்கை, மாவட்டத்திலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதம் ஏதாவது இருந்தால் அது. சார்ட்டர் நீளமாக இருக்கும். சட்டம் கேட்கும் 15 அம்சங்களும் அதில் இருக்கும். சலிக்காமல் படியுங்கள், ஏனென்றால் அதில் எழுதியது விளம்பரம் இல்லை, வாக்குறுதி. தினமும் ஒரு மணி நேரம் ஸ்பானிஷ் என்று எழுதிவிட்டு, டீச்சர் கிடைக்கவில்லை என்று நிறுத்தினால், அது சார்ட்டர் மீறல். அனுமதியை ரத்து செய்ய மாவட்டத்துக்கு உள்ள காரணங்களில் முதலாவது அதுதான். மாற்ற வேண்டியிருந்தால் மாவட்டத்திடம் போய் முறைப்படி திருத்தம் கேட்கலாம்.

பதவியேற்ற 30 நாளுக்குள் ஃபார்ம் 700 என்ற பொருளாதார நலன் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும். கணவர் கம்பெனியும் அதில் வரும், அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நெறிமுறைப் பயிற்சியும் உண்டு. பள்ளிக்கு வழக்கறிஞர் இருப்பார். கணவரின் கம்பெனி பற்றி அவரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். நான் இங்கே எழுதியது பொது விளக்கம், உங்கள் கம்பெனிக் காகிதங்களைப் பார்த்து எழுதியது அல்ல.

கடைசியாகச் சென்னை. ஜூமில் வரலாம், ஆனால் அவர்கள் நினைப்பதுபோல அல்ல. பிரவுன் சட்டத்தின் வழக்கமான விதிப்படி, நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்களோ அந்த முகவரி அஜெண்டாவில் அச்சாக வேண்டும். அந்த இடத்திலும் அஜெண்டா ஒட்டப்பட வேண்டும். பொதுமக்கள் யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். அதாவது உங்கள் அம்மா வீட்டு முகவரி பள்ளி இணையதளத்தில் வரும், கதவில் அஜெண்டா தொங்கும், கதவு திறந்திருக்க வேண்டும். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. அதற்கும் மற்றவர்களில் போதுமானவர்கள் பள்ளியில் ஒரே இடத்தில் நேரில் இருக்க வேண்டும், உங்கள் கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அறையில் 18 வயதுக்கு மேற்பட்டவர் வேறு யாராவது இருந்தால் சொல்ல வேண்டும். ஊருக்குப் போயிருக்கிறேன் என்பது அந்தக் காரணங்களில் வராது.

எளிய வழி ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டும், என்ன இலக்குக்கு எப்படிச் செலவிடுவோம் என்று சொல்லும் உள்ளூர் பொறுப்புத் திட்டமும் ஜூலை 1-க்குள் நிறைவேறியாக வேண்டும் என்பதால், ஆண்டின் முக்கியமான கூட்டம் ஜூனில் வரும். டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியைக் கேளுங்கள். ஜூன் கூட்டத்தில் நேரில் உட்கார்ந்துவிட்டுப் புறப்பட்டால், ஜூலைக் கூட்டத்துக்கு விடுப்புச் சொல்லிவிடலாம். மீதி நாலு பேர் இருந்தால் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை, இருக்கிறது.